அடுப்படிக் கேள்வியும் ஆய்வுகூட விடையும்

நோன்பு மாதத்து மாலைப் பொழுதுகளில், மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நமது கரையோர ஊர்களில், பாங்கொலிக்காகக் காத்திருக்கும் வீடுகளிலே, கஞ்சிக் கோப்பைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் அருகில் ஒரு தட்டில் கடற்பாசி இருப்பதைக் காணலாம். பாசியை நீரிலே காய்ச்சிக் கரைத்து, சீனியும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, தட்டிலே ஊற்றி ஆறவிட்டுத் துண்டு துண்டாக வெட்டியெடுத்த பண்டம் அது. கிழக்கின் வெக்கையிலும் அது உருகுவதில்லை. பகல் முழுவதும் வறண்ட தொண்டைக்கு அது இதம் என்பது மூத்தம்மாமார் நமக்குச் சொல்லித் தந்த பாடம்.

அதே பொருள், அதே மாலையில், கல்முனையின் வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் அகார். சிறிய வட்டக் கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்த அந்தக் களியின் மீதுதான் நோயாளியின் சிறுநீரிலும் சளியிலும் சீழிலும் உள்ள கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு எது அடங்கும் என்று பார்க்கிறார்கள். நோன்புத் தட்டுக்கும் நோய்க்கிருமிக் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள இந்த உறவு தற்செயலானதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆராய்வோர், விஞ்ஞானத்துக்குக் கேள்வியை யார் தருகிறார்கள், விடையை யார் பெறுகிறார்கள் என்ற வினாவை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. குடும்பங்களின் கவலையை மருத்துவ ஆராய்ச்சி எவ்வாறு கேட்டது, எப்போது கேட்க மறந்தது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள்.

முதலில் பாசியைப் பார்ப்போம். அம்பாறைக் கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. அலை ஓயாத கரை. கரைவலைக்கு உகந்த கரை. பற்றிப் படர்ந்து வளரும் பாசிக்கு வேண்டிய அமைதியான ஆழமற்ற நீர் யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் திருகோணமலையிலும்தான் மிகுதி. அங்கு விளையும் ஒருவகைச் செம்பாசி ‘சிலோன் மொஸ்’, அதாவது இலங்கைப் பாசி, என்ற பெயரோடு மேல்நாட்டு மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. கல்கத்தாவிலிருந்த ஓ’ஷாநெசி என்ற கும்பினி மருத்துவர் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட வங்காள மருந்து நூலில் அதை விவரித்தார். நோயாளிகளுக்கு ஏற்ற இலகுவான உணவு என்பதே அவர் அதற்குக் கண்ட சிறப்பு. கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்ததைத்தான் அவர் எழுதினார். ஆயினும் நூலிலே நிலைத்த பெயர் அவருடையது. மக்களின் பெயர் எங்கும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னர் இந்நாட்டுக் கடற்பாசிகளை முறையாக ஆராய்ந்து பதிவுசெய்த பணியில் துரைரத்தினம் என்ற தமிழ் விஞ்ஞானிக்குப் பெரும் பங்குண்டு. இலங்கைக் கடற்பாசிகள் பற்றிய அவரது ஆய்வை மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் 1961இல் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

இனி, பாசி எவ்வாறு அடுப்படியிலிருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்றது என்பதைக் காண்போம். 1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ரொபேட் கோக் என்ற அறிஞரின் ஆய்வுகூடத்தில் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகளைத் தனித்தனியே பிரித்தறிய, அவற்றைத் திடமான ஒரு பரப்பில் வளர்க்க வேண்டும். அதற்கு அவர்கள் ஜெலற்றின் என்னும் விலங்குப் பசையைப் பயன்படுத்தினர். கோடை வந்தது, பசை உருகிற்று. உடல் வெப்பமாகிய 37 பாகையில் அது நிலைக்காது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் அப்பசையையே தின்று கரைத்துவிட்டன. மாதக்கணக்கான உழைப்பு நீராகிக்கொண்டிருந்தது.

ஹெஸ்ஸே தம் மனைவி ஃபானியிடம் கேட்டார்: “நீ சமைக்கும் களிப் பண்டங்கள் மட்டும் இந்த வெயிலில் எவ்வாறு உருகாமல் நிற்கின்றன?” என்ற கருத்தில். 1850இல் நியூயோர்க்கில் பிறந்தவர் ஃபானி. யாவாவிலே வாழ்ந்துவிட்டு வந்த அயல்வீட்டார் ஒருவரிடமிருந்து அகாரின் உபயோகத்தைச் சிறுவயதில் அறிந்திருந்தார். ‘அகார் அகார்’ என்பதே மலாய்ச் சொல். ஏறத்தாழ 85 பாகையில் உருகும் அப்பொருள், 40 பாகைக்குக் கீழே வந்த பின்னரே உறையும். உறைந்தபின் உடல் வெப்பத்தில் அசையாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. கிருமியியலின் பெரும் தடையொன்று அன்று நீங்கிற்று. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் காசநோய்க் கிருமியைக் கோக் உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டில் வெளிவந்த அவரது கட்டுரையில் அகார் பற்றிய குறிப்பு உண்டு. ஃபானியின் பெயர் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயரும் இல்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த யாவாத் தீவுச் சமையற்காரிகளின் பெயரை யார் கேட்டார்கள்?

இதனை வெறும் சுவையான கதையாகக் கொள்வது தவறு. உழைப்போரின் அறிவு, குறிப்பாகப் பெண்களின் அறிவு, விஞ்ஞானத்தின் அத்திவாரத்தில் புதைக்கப்பட்டிருப்பதை இது காட்டுகிறது. மேலே எழுந்த கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. அடியிலுள்ள கல்லுக்குப் பெயரில்லை.

அப்பொருளின் மதிப்பைப் பேரரசுகள் உணர்ந்தது போர்க்காலத்தில்தான். உலக அகார் உற்பத்தி அன்று பெரிதும் ஜப்பானின் கையில் இருந்தது. 1941 டிசம்பரில் பசிபிக் கடலில் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. கிருமிச் சோதனைக்கும் தடுப்புமருந்துத் தயாரிப்புக்கும் வேண்டிய பொருள் இல்லாமற் போகவே, அமெரிக்கா 1942இல் தன் கையிருப்பை மருத்துவத் தேவைக்கென ஒதுக்கிக் கட்டுப்படுத்தியது. பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தத்தம் கரைகளில் பாசி தேடின. இந்தியாவிலும் அகார் தயாரிக்கும் முறைகள் ஆராயப்பட்டன. காலங்காலமாக ஏழைகளின் கஞ்சிக்கு உதவிய பாசி, படைக்குத் தேவைப்பட்டபோதுதான் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று!

கடற்பாசி தந்த இன்னொரு பாடம் அயோடின். நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்ட காலம் அது. பரிஸ் நகரில் வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த கூர்த்துவா என்பவர், 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழக் கண்டார். அதுவே அயோடின். 1820இல் ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். கழலைக்குப் பாசி நல்லது என்பதைச் சீன வைத்தியர்கள் அதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தனர். இன்று உலகின் அயோடினில் பெரும்பகுதி சிலி நாட்டுப் பாலைநிலத்திலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் கிடைக்கிறது. ஆனால் வழிகாட்டியது கடற்பாசியே.

இங்கே நாம் ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில், சிறப்பாகத் தென்மேற்கின் ஈரவலயத்தில், கழலை ஒரு பழைய துயரம். கருவுற்ற தாயின் உடலில் அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே குன்றும். 1980களில் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கழலை இருப்பதைக் காட்டியது. உப்பில் அயோடின் சேர்ப்பது இந்நாட்டில் 1995இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. மருந்து அறியப்பட்டது 1820இல். அது ஏழையின் உப்புச் சட்டிக்கு வந்தது 1995இல். இடையில் 175 ஆண்டுகள்! இத்தாமதத்துக்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறைபாடா? இல்லை. விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அதை ஒவ்வொரு வீட்டின் அடுப்படிக்கும் கொண்டு சேர்க்கும் பாதைதான் நெடுங்காலம் இல்லாதிருந்தது.

அந்தப் பாதையே ஆரம்ப சுகாதாரம். அதன் வரலாறு இலங்கையில் பெருமைக்குரியது. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது அதுவே. நோயாளி வரும்வரை காத்திராமல் வீட்டைத் தேடிச் செல்வது என்பது அதன் புதுமை. அது வேரூன்றி வளருமுன் 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி, சில மாதங்களில் 80,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அப்போது கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுசென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களும், மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோரும் நேரிற் கண்ட உண்மை ஒன்றுண்டு: கொய்னா மட்டும் போதாது; பட்டினியால் நலிந்த உடலைக் காய்ச்சல் எளிதிற் கொல்லும். நோயைப் பற்றிய கேள்வி, சோற்றைப் பற்றிய கேள்வியாக மாறிற்று. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு அந்த அனுபவமும் ஓர் உரம். 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை, ஏழைத் தாயின் குரலைச் சட்டசபையில் புறக்கணிக்க முடியாத குரலாக்கியிருந்தது. இவையனைத்தும் சேர்ந்துதான் இலவச வைத்திய சேவைக்கு வழி சமைத்தன.

அச்சேவையின் கால்கள் குடும்பநல மாதுக்களே. மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகச் சென்று, கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, பிள்ளையின் எடையை நிறுத்து, வீட்டுப் பேச்சோடு பேச்சாகக் குடும்பத்தின் கவலைகளையும் கேட்டறிந்தவர்கள் அவர்கள். 1930களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கிவிட்டது. எந்த அதிசய மருந்தும் தனித்து நின்று இதைச் சாதிக்கவில்லை. மருந்தும் மருத்துவமனையும் வாக்குச்சீட்டும் பெண்கல்வியும், வாசற்படி ஏறிச் சென்ற அப்பெண்களின் உழைப்பும் கூடிச் சாதித்தன.

வாசற்படியில் கேட்பது சேவை மட்டுமன்று, அதுவே ஆராய்ச்சியும் ஆகும் என்பதை வேறு நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது. தென்னாபிரிக்காவில் 1940இல் ஃபொலேலா என்ற வறிய கிராமப்பகுதியில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் பணி தொடங்கினர். உள்ளூர் மக்களையே பயிற்றி வீடுகளுக்கு அனுப்பி, குடும்பம் குடும்பமாக நிலைமையை அறிந்தனர். பிள்ளைகளின் நோய்க்கு அடியில் ஊட்டக்குறைவு இருப்பதை உணர்ந்து, மருந்தோடு காய்கறித் தோட்டத்தையும் வளர்த்தனர். நிறவெறி அரசு அம்முயற்சியைத் தழைக்கவிடவில்லை. 1950களின் இறுதியில் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் வாழ்நாளைக் கழித்த பொதுவுடைமையாளரான ஜூலியன் ரியூடர் ஹார்ட், 1971இல் ஒரு விதியை எடுத்துரைத்தார்: நல்ல வைத்தியம் யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கை எங்கே ஓங்குகிறதோ அங்கே இக்கொடுமையும் ஓங்குகிறது. சுரங்கத் தொழிலாளரின் இரத்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்த ஒருவர் சொன்ன சொல் இது. 1978இல் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரத்தை அடிப்படை நெறியாக ஏற்றன.

பாசியின் வரலாறும் வாசற்படியின் வரலாறும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்ச்சியொன்றை இங்கு கூறுவது பொருந்தும். செம்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் என்ற பொருள், ஆய்வுகூடக் கிண்ணத்தில் எய்ட்ஸ் நோயின் வைரசைத் தடுத்தது. கணவனைப் பாதுகாப்புறை அணியச் சொல்ல முடியாத பெண்ணுக்கு, அவள் கையிலேயே ஒரு காப்பு இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு அதிலிருந்து ஒரு களி தயாரிக்கப்பட்டது. 2004 முதல் 2007 வரை தென்னாபிரிக்காவின் மூன்று இடங்களில் 6,202 பெண்கள் அச்சோதனையில் பங்கேற்றனர். 2008இல் முடிவு வெளிவந்தது: களியால் தீங்கில்லை, பயனுமில்லை. மேலும், தேவைப்பட்ட தடவைகளில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே அது பயன்படுத்தப்பட்டிருந்தது. கிண்ணத்தில் வென்றது வீட்டில் தோற்றது. இதற்காக விஞ்ஞானிகளை இகழ்வது நமது நோக்கமன்று. தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது அவர்களது நேர்மை. நாம் கொள்ள வேண்டிய படிப்பினை வேறு: கிண்ணத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது, அந்த வாழ்க்கையையும் மருந்தைப் போலவே ஆராய வேண்டும்.

இந்தப் படிப்பினையை ஏந்திக்கொண்டு நமது கரைக்குத் திரும்புவோம். அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கெனத் தனியான பிராந்திய சுகாதாரப் பணிமனை உண்டு; வைத்தியசாலைகளும் உண்டு. ஆனால் இக்கரையின் குடும்பத்தை அறியாதவர்களால் அதன் கவலையைக் கேட்க முடியாது. இங்கே முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் குடி தாய்வழியே எண்ணப்படுகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். உம்மாவும் அவளுடைய சகோதரிகளும் மகள்மாரும் அருகருகே வாழும் வளவே நோயையும் பிரசவத்தையும் முதுமையையும் தாங்குகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்து, இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அதன்பின் வந்த படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டன. ஆணின் பெயரையே எதிர்பார்த்தன. தலைமுறைகளாகப் பெண்ணுக்குரியதாயிருந்த வீடு, புதிய பத்திரத்தில் ஆணுக்குரியதாகும் நிலை பலவிடத்து எழுந்தது. தவறான ஆளிடம் கேட்ட கேள்வி, விடையை மட்டுமன்றி உரிமையையும் திரித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று இக்கரையின் வாசற்படிகளில் நிற்கும் கவலை எது? நாடு முழுவதையும் வருத்தும் சீனி வியாதி அவற்றுள் முதன்மையானது. 2005–06 ஆய்வில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கிருந்த அந்நோய், 2018–19 ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கும் மேலாகக் காணப்பட்டது. இது ஒருவரின் இரத்தத்தில் மட்டும் உள்ள நோயன்று. வெள்ளைச் சோறும் இனிப்பும் நிறைந்த ஒரே சட்டியில் குடும்பம் முழுவதும் உண்கிறது. நோன்பு காலத்தில் மருந்தை எப்போது எடுப்பது, கர்ப்பகாலத்தில் வந்த சீனி மகளுக்கும் தொடருமா, மத்திய கிழக்கில் உழைக்கும் மகன் இல்லாத வீட்டில் வாப்பாவின் காற்புண்ணுக்கு யார் மருந்து கட்டுவது — இவைதாம் உம்மாமாரின் கேள்விகள்.

கடற்பாசியும் இங்கே மீண்டும் வருகிறது. பழுப்புப் பாசிகளில் உள்ள அல்ஜினேற்று, ஃபுகோய்டன் முதலிய பொருள்கள் சீனியின் உறிஞ்சலைத் தணிக்கக்கூடும் என ஆய்வுகூடங்களிலிருந்து செய்திகள் வருகின்றன. அவை ஆராயத்தக்கவையே. ஆனால் கிண்ணத்திலும் எலியிலும் கண்டதை மனிதருக்கு உறுதியென்று சொல்வது விஞ்ஞானமன்று, வியாபாரம். அளவுமீறிய பாசி அயோடினை மிகையாக்கிக் கழுத்துச் சுரப்பியையே குலைக்கும். சில பாசிகள் நஞ்சுலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். வைத்தியர் தந்த மாத்திரையை விட்டுவிட்டு விளம்பரத்துப் பாசித் தூளை வாங்குவோர் பணத்தை மட்டுமல்ல, கண்ணையும் காலையும் பணயம் வைக்கின்றனர். நோன்புத் தட்டிலுள்ள கடற்பாசியிலும் பாசி கொஞ்சம். சீனிதான் அதிகம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். பாசியை ஆராய்வோர் கரையோரத்துக் கூட்டுச் சட்டியையும் ஆராயட்டும். குடும்பத்தின் கவலையை ஆராய்வோர், படிவத்திலுள்ள தலைவரிடம் மட்டுமன்றி, வளவிலுள்ள பெண்களிடமும் அமர்ந்து கேட்கட்டும். கேட்ட விடையை ஆங்கிலச் சஞ்சிகையில் அச்சிட்டதோடு நில்லாமல், அவ்வீட்டாருக்குப் புரியும் தமிழில் அவ்வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கட்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவரும், இக்கரையின் நூற்றுக்கணக்கான ஆசிரியரும் இப்பணியைத் தொடங்க எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தத்தம் வளவில் யார் யாருக்குச் சீனி வியாதி, அவர்களை அன்றாடம் பராமரிப்பவர் யார், அவரது முதற் கவலை எது என்று வீட்டாரின் சம்மதத்தோடு கேட்டறிந்து, பெயர்களை வெளியிடாது தொகுத்து, சுகாதார வைத்திய அதிகாரியின் முன் வைக்கும் பாடசாலை மாணவர் குழு ஒன்று ஊருக்கு ஒன்றாவது அமையட்டும்.

ஃபானியிடம் அவருடைய கணவர் கேட்டார்; கிருமியியல் வளர்ந்தது. குடும்பநல மாது தாயிடம் கேட்டாள், மரணம் குறைந்தது. கேட்காத இடத்தில் 175 ஆண்டுகள் வீணாயின. அடுத்த நோன்பில் கடற்பாசித் தட்டு நம் முன் வரும்போது, அதைக் காய்ச்சிய கைக்குரியவளிடம் நாமும் ஒன்று கேட்போம்: “உம்மா, உங்கள் கவலை என்ன?”